அனுமன் வாலில் பற்றிய தீ: ஆட்டுத்தோலில் ஒரு மேசை விளக்கு

தோல் விளக்கைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கக் கூடாது. கைவினைக் கண்காட்சிகளில் வண்ணம் பளபளக்க வரிசையாக நிற்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஏற்றினால் பாதி முகம் கறுத்துப்போய், கண்ணைக் குத்தும் நான்கைந்து வெள்ளைப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். வரைந்தவருக்குக் கை இருந்திருக்கும். ஆனால் அவர் தாளில் வரைவதுபோல வரைந்திருப்பார். தோல்பாவை மரபில் கோடு போடுவது பேனா இல்லை, துளை. பின்னால் வெளிச்சம் வந்த பிறகுதான் படம் முழுமையாகிறது. அந்த மரபிலிருந்து விளக்கு செய்ய நினைப்பவர்கள் முதலில் துளைகளை வரைய வேண்டும், வண்ணத்தைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

இதற்கு நல்ல சாட்சி கேரளத்துத் தோல்பாவைக்கூத்து. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில், அதாவது திரை கட்டிய நிலையான கூத்து மேடையில், கம்பனின் பாடல்களைச் சொல்லி, பாவைகளின் நிழலைத் திரையில் விழவைத்து ஆடுவது. தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள். அங்கே மரபாகப் பயன்பட்டது மான் தோல். அது தடித்தது, வெளிச்சம் ஊடுருவாது. திரையில் விழுவது கறுப்பு நிழல்தான். கிரீடம், ஆரம், ஆடை மடிப்பு எல்லாமே துளைகளின் வழியாகத்தான் தெரியும். நம் பக்கத்துக் கூத்தும், ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டமும், கர்நாடகத்தின் தொகலு கொம்பெயாட்டமும் வேறு வகை. ஒளி புகும்படி சுரண்டி மெலிதாக்கிய தோலில் வண்ணம் ஏற்றிச் செய்வார்கள். வேட்டித் திரைக்குப் பின்னால் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வண்ணத்தோடே வந்து சண்டை போடுவார்கள். நகைகளுக்கு அங்கும் துளைதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கூத்தை நடத்தும் மண்டிகர்கள் வீட்டில் மராத்தி பேசுபவர்கள். ஆந்திரத்தில் தர்மாவரம் பக்கம் இருக்கும் நிம்மலகுண்டா கிராமத்தில் பாவை செய்த குடும்பங்கள், ஆட்டம் குறைந்தபோது அதே தோலையும் உளியையும் கொண்டு விளக்குக்கூடு செய்யத் திரும்பின. அவ்வூர்க் கலைஞர் தளவாயி சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று ‘தோல் விளக்கு’ என்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு அந்த வழியில் வந்ததே. கீழே சொல்லியிருப்பது அதே முறையில், வீட்டு மேசைக்கு ஏற்ற, ஆறு பக்கம் கொண்ட விளக்கு ஒன்றின் வடிவமைப்பு. ஒவ்வொரு பக்கத்தையும் ‘முகம்’ என்று சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள்: பழைய பாவை கைக்குக் கிடைத்தால் அதை வெட்டி விளக்காக்காதீர்கள். மரியாதையை விட்டுவிடுவோம், அது வேலைக்கும் ஆகாது. வருடக்கணக்கில் எண்ணெய்ப் புகையும் கைவியர்வையும் ஏறிய தோல் நனைத்தால் வளையாது, இழுத்தால் துளைக்குத் துளை கிழியும். மான் தோல் பேச்சே வேண்டாம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

என்ன படம்?

அழகான பாவை ஒன்றைப் பிரதி எடுத்து ஆறு முகத்திலும் ஒட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. ஒரே ராமர் ஆறு தடவை வந்தால் அது காலண்டர். விளக்கைச் சுற்றி நடந்து பார்க்கிறவருக்கு ஏதாவது நகர வேண்டும். கம்பராமாயணத்தின் இலங்கை எரியூட்டு படலம் அதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. முதல் முகத்தில் இடப்பக்கம் பார்த்தபடி அனுமன். அவன் வால் வலப்பக்கம் கிளம்பி இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தாம் முகங்களின் அடிப்பகுதியில் ஓடுகிறது. அதற்கு மேலே இலங்கையின் கோபுரங்கள், மாடங்கள், தென்னை, கூரை மேல் ஏறி நிற்கும் அரக்கர்கள். ஆறாம் முகத்தில் கடல், அதில் வந்து விழும் வால் நுனி. ஆறாம் முகத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் முதல் முகம் வருகிறதல்லவா, அங்கே அனுமன் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கடலைத்தான். வட்டம் தானாக மூடிக்கொள்கிறது.

நெருப்புக் காட்சி என்பதால் இன்னொரு வசதி. தீ நாக்குகளைச் சிவப்பில் வரையவே வேண்டாம். துளையிட்டால் போதும், பல்ப் எரியும்போது எரியும், அணைத்தால் அணையும்.

பாவைகளில் முகம் பக்கவாட்டில் இருக்கும், கண் பெரிதாக, முழுதாக. அந்த முறையை மாற்றாதீர்கள். நேர்முகமாக, நிழல் கொடுத்து, ஓவியக் கல்லூரி பாணியில் வரைந்த முகம் பின்னொளியில் அழுக்குத் திட்டாகத் தெரியும். கை பழகாதவர்கள் உருவங்களைப் பாவைக் கலைஞர் ஒருவரிடம் வரைந்து வாங்கிக்கொண்டு, கூட்டையும் மின்வேலையையும் தாங்கள் பார்த்துக்கொள்வது நல்லது. வரைந்தவர் பெயரை விளக்கின் அடியில் எழுதி வையுங்கள்.

அளவும் கம்பிக்கூடும்

மேலே சிறிய அறுகோணம், கீழே பெரிய அறுகோணம். மேல் வளையத்தின் பக்கம் 9 செ.மீ., கீழ் வளையத்தின் பக்கம் 15 செ.மீ., இரண்டுக்கும் நடுவே செங்குத்து உயரம் 32 செ.மீ. அறுகோணத்தில் நடுவிலிருந்து மூலைவரை உள்ள தூரமும் பக்கத்தின் நீளமும் ஒன்றே. ஆகவே கீழே மூலைக்கு மூலை 30 செ.மீ., மேலே 18. சாய்ந்து நிற்கும் மூலைக்கம்பியின் நீளம் 32.6 செ.மீ. வரும். ஒவ்வொரு முகமும் ஒரு சரிவகம், அதன் உயரம் 32.4 செ.மீ. செங்குத்து உயரமும் முகத்தின் உயரமும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு 32க்கே வெட்டிவிட்டால் தோல் எட்டாது. வெட்டிய தோலை ஒட்டவைக்க வழியில்லை.

கம்பி 3 மி.மீ. இரும்பு. கீழ் வளையத்துக்கு 90 செ.மீ., மேல் வளையத்துக்கு 54, மூலைகளுக்கு 196, கீழ் வளையத்தின் நடுவே பல்ப் ஹோல்டரைப் பிடிக்க மூன்று கைகளுக்கு 45. மொத்தம் 385 செ.மீ. நான்கு மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். 2 மி.மீ. கம்பி மலிவு, வளைப்பதும் சுலபம். ஆனால் ஈரத்தோல் காயும்போது இழுக்கும் இழுப்பில் அது வளைந்து, நேராக நின்ற கூடு இடுப்பு ஒடிந்ததுபோல உள்வாங்கிவிடும். 4 மி.மீ. போட்டால் மூலைகளில் நிழல் தடித்துவிடும்.

வெல்டிங் முடிந்ததும் பற்றிய இடங்களில் முத்துமுத்தாக நிற்கும் உலோகத்தை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கூரான இடம் ஒன்று மிச்சமிருந்தாலும் தோல் இறுகும்போது அங்கேதான் கிழியும். பிறகு ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் வெள்ளை எனாமல், பின் இரண்டு நாள் காயவிட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம். நனைந்த தோல் வெறும் இரும்பில் பட்டால் ஒரே இரவில் துருக்கறை ஏறும். அது காபிக் கறைபோல உள்ளிருந்து தெரியும், போகாது. கறுப்பு எனாமல் அடித்தால் கம்பி உள்ளே வெளிச்சத்தைக் குடிக்கும், வெள்ளை திருப்பி அனுப்பும்.

தோல்

செருப்புக் கடைக்கும் பை கடைக்கும் போகும் பதனிட்ட தோல் இதற்கு உதவாது. பதனிட்டால் ஒளி புகாது. வேண்டியது பச்சைத்தோல். முடியும் கொழுப்பும் நீக்கி, இழுத்துக் கட்டி, காயவைத்துச் சுரண்டியது. அப்படிக் காய்ந்த தோலில்தான் தேன் நிற ஒளி வரும். தபேலா, மிருதங்கம் செய்பவர்களுக்குத் தோல் கொடுக்கும் ஆட்களிடம் கேட்டால் கிடைக்கும். இறைச்சிக் கடையிலிருந்து நேராக வாங்கி வீட்டில் செய்யவும் முடியும். அன்றே உப்பிட்டு, சுண்ணாம்பு நீரில் சில நாட்கள் ஊறவைத்து, முடி தானாகக் கழன்ற பிறகு இரண்டு பக்கமும் சுரண்டி, பலமுறை அலசி, சட்டத்தில் இழுத்துக் கட்டி நிழலில் காயவைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்காது. அலசும்போது கொதிநீர் கூடவே கூடாது. ஈரமான பச்சைத்தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சுருங்கி ரப்பர்போல ஆகிவிடும்.

தடிமன் 0.6 முதல் 0.8 மி.மீ. விசிட்டிங் கார்டு இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் வரும் தடிமன் அது. வாங்கும்போது பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துத் தோல் முழுக்க நகர்த்திப் பாருங்கள். முதுகுத்தண்டு வழியே கருமையான தடித்த பட்டை ஓடும். வயிற்றுப்பக்கம் மெலிதாக, தளர்வாக இருக்கும். கிளைகிளையாக இரத்தக் குழாய்த் தடங்கள் தெரிந்தால் அந்தத் தோல் வேண்டாம், விளக்கு எரியும்போது அவைதான் முதலில் கண்ணில் படும். கறுப்பு ஆட்டின் தோலில் முடிவேர்ப் புள்ளிகள் தங்கிவிட வாய்ப்பு அதிகம். கோபுரச் சுவருக்கு அது பரவாயில்லை, கடலுக்கு ஆகாது.

ஆறு முகத்துக்கும் சேர்த்துப் பரப்பு இரண்டரைச் சதுர அடிதான். ஒரு ஆட்டுத்தோல் நான்கைந்து சதுர அடி வரும் என்பதால் ஒன்றே போதும் என்று தோன்றும். போதாது. கழுத்து, கால், வயிறு கழித்தால் ஒரு தோலில் மூன்று முகம் தேறும், மிஞ்சிப்போனால் நான்கு. இரண்டு தோல் வாங்குங்கள், நிறம் ஒத்ததாக. மிச்சத்தில் முகங்களைத் தைக்க வார் அறுக்கலாம், வண்ணம் சோதிக்கலாம். தண்டுப் பட்டையை அனுமன் உடம்பு விழும் இடத்தில் வைத்தால் அது அவனுக்குப் பலமாக நிற்கும். வால் ஓடும் இடத்தில் அந்தப் பட்டை குறுக்கிட்டால் வால் அறுந்ததுபோல் ஆகிவிடும்.

முடி இருந்த பக்கம் வெளியே வரட்டும். அது வழவழப்பு, கோடு பிசிறாது. சதைப்பக்கத்தில் நார் எழுந்து நிற்பதால் மை ஊறிப் பரவும்.

மாதிரி அட்டை

தடித்த அட்டையில் ஒரே ஒரு சரிவகம் வெட்டிக்கொள்ளுங்கள். மேலே 8.8, கீழே 14.8, உயரம் 32.2 செ.மீ. முக அளவைவிட எல்லாப் பக்கமும் 1 மி.மீ. குறைவு. பக்கத்துப் பக்கத்து முகங்களுக்கு நடுவே 2 மி.மீ. சந்து விழும், உள்ளே நிற்கும் 3 மி.மீ. கம்பி அதை மறைத்துவிடும். இன்னும் குறைத்தால் சந்தில் வெள்ளைக் கோடாக வெளிச்சம் ஒழுகும். குறைக்காமல் விட்டால் இரண்டு விளிம்பும் முட்டி மடங்கும்.

தையல் துளைகளையும் அட்டையிலேயே இட்டுவிடுங்கள். விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே, சென்டிமீட்டருக்கு ஒன்று. சாய்ந்த பக்கத்தில் 31, மேலே 8, கீழே 14. அடுத்தடுத்த முகங்கள் ஒரே வாரில் கோக்கப்படுவதால் இரண்டு பக்கத்துத் துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். ஆறு தோலையும் ஒரே அட்டையால் குறித்தால் அது தானாக வரும்.

வாலுக்கு ஒரு கட்டுப்பாடு. எந்த முகத்தில் எப்படி நெளிந்தாலும், சாய்ந்த விளிம்பைத் தொடும்போது கீழ்முனையிலிருந்து விளிம்பின் வழியே அளந்தால் சரியாக 7 செ.மீ. உயரத்தில், 3.5 செ.மீ. அகலத்தில் இருக்க வேண்டும். விளிம்பை நெருங்கும் கடைசி 2 செ.மீ. தூரம் கிடையாக ஓடட்டும். கம்பியின் நிழலும் தையலும் சேர்ந்து வாலைக் கொஞ்சம் மறைக்கும். சாய்வாகக் கடந்தால் கண் அந்த இடைவெளியை இணைத்துக்கொள்ளாது, நேராகக் கடந்தால் இணைத்துக்கொள்ளும்.

துளை

தோலைச் சுற்றிலும் 2 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, பலகையில் ஆணியடித்துப் பரப்பி, பென்சிலால் வரையுங்கள். முகத்தின் எண்ணை முடிப்பக்கத்தில் எழுதுங்கள். உள்பக்கம் எழுதி, உள்ளிருந்து அடுக்கிப் பார்த்தால் வரிசை தலைகீழாகும். இரண்டாம் முகம் முதல் முகத்துக்கு இடப்பக்கம் போய், வால் எங்கேயோ முளைத்து எங்கேயோ முடியும்.

அடிமனை புளியங்கட்டை. இறைச்சிக் கடையில் அதைத்தான் வைத்திருப்பார்கள், காரணம் ஒன்றே: நார் நெருக்கமாக இருப்பதால் வெட்டு விழுந்தாலும் பிளக்காது. தேக்கில் வைத்து அடித்தால் உளி ஆழமாக இறங்கித் தோலின் அடிப்பக்கம் பிசிறும். குழல் உளிகள் 1.5, 2, 3, 4 மி.மீ. நான்கு போதும். அதோடு அரைவட்ட உளி ஒன்று. அரைவட்டத்தை இருபுறமும் எதிரெதிராக ஒவ்வொரு அடி அடித்தால் நெல் வடிவில் துளை விழும். தீ நாக்குக்கு அதுதான்.

துளைக்கும் துளைக்கும் நடுவே விடும் தோல் குறைந்தது துளையின் அகலம் இருக்கட்டும், ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. காயும்போது தோல் இழுபடும். மெலிந்த பாலங்கள் அப்போதுதான் அறும், அடிக்கும்போது தெரியாது. முக்கோணம், சதுரம் வெட்டினால் கூர்மூலையிலிருந்து கீறல் ஓடும். மூலையில் முதலில் 1.5 மி.மீ. வட்டத்துளை போட்டுவிட்டு அதை நோக்கி வெட்டினால் கீறல் அங்கேயே நின்றுவிடும். விளிம்பிலிருந்து 2 செ.மீ. வரை தையல் துளை தவிர வேறெதுவும் வேண்டாம்.

எத்தனை துளை? முகத்துக்கு 150 முதல் 200. சராசரி 3 மி.மீ. என்று வைத்தால் 200 துளைக்கு 14 சதுர செ.மீ. வரும், முகப் பரப்பில் 4 சதவீதம்கூட இல்லை. அவ்வளவுதான் தாங்கும். துளையின் வழியே பல்பே தெரிகிறது. தோலின் வழியே வருவது வடிகட்டிய ஒளி. துளைகள் அதிகமானால் கண் அவற்றுக்குப் பழகிக்கொள்ளும், தோல் கறுத்துத் தெரியும், வரைந்த படம் வீண். ஆர்வக்கோளாறில் கோபுரம் முழுக்கச் சல்லடை ஆக்கியவர்கள் எல்லோரும் இதைத்தான் கண்டிருப்பார்கள்.

வாலில் அடியிலிருந்து நுனிக்குப் போகப்போகத் துளை பெருக வேண்டும். முதல் முகத்தில் 1.5 மி.மீ. புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மூன்றாம் முகத்தில் 3 மி.மீ., ஐந்தாம் முகத்தில் நெல்வடிவ நாக்குகள் மேல்நோக்கிச் சாய்ந்து. கடலில் தொடும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுங்கள், அங்கே இருட்டுதான் வேண்டும். அனுமனுக்கு முத்துமாலை, கைவளை, கச்சையின் கரை. அவன் முகத்தில் ஒரு துளைகூட வேண்டாம். கண்ணில் துளை போட்டால் டார்ச் அடித்துக்கொண்டு வருபவன்போல இருப்பான்.

துளை முடிந்ததும் அட்டை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

கூட்டில் ஏற்றுதல்

தோல் முழுவதையும் நனைத்தால் நன்றாக இறுகும், ஆனால் வட்டத்துளை எல்லாம் முட்டை வடிவாகிவிடும். விளிம்பு 2 செ.மீ. மட்டும் ஈரத்துணியால் சுற்றி 20 நிமிடம் வைத்தால் போதும், நடுப்பகுதி உலர்வாகவே இருக்கட்டும். மிச்சத் தோலில் 3 மி.மீ. அகல வார்களாக அறுத்து அவற்றையும் ஊறவையுங்கள். மொத்தம் 9 மீட்டருக்குமேல் வேண்டியிருக்கும், 12 மீட்டர் தயாராக இருந்தால் நடுவில் நிற்காது. நைலான் நூல் வலுவானதுதான், ஆனால் தோலோடு சேர்ந்து சுருங்காது. ஒரு மாதத்தில் தளர்ந்து தொங்கும்.

ஒரு மூலையை முழுக்கத் தைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கூடு முறுக்கிக்கொள்ளும். முதலில் ஆறு முகங்களையும் நான்கு நான்கு முனைகளில் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு முதல் மூலை, அதற்கு எதிரே நான்காவது, இரண்டாவது, ஐந்தாவது, மூன்றாவது, ஆறாவது என்று எதிரெதிராக வார் கோத்து வர வேண்டும். ஒரு முகத்தின் துளையில் நுழைந்து, கம்பிக்குப் பின்னால் சுற்றி, அடுத்த முகத்தின் துளையில் வெளிவரும் எளிய சுற்றுத்தையல். மேல், கீழ் வளையங்கள் கடைசியில். கைக்கு எட்டும் அளவு இழுத்தால் போதும், மீதியைத் தோல் தானே இழுத்துக்கொள்ளும். நிழலில் ஒன்றரை நாள். வெயிலில் வைத்தாலோ ஒரு பக்கமாக ஃபேன் ஓடினாலோ அந்தப் பக்கம் முதலில் காய்ந்து கூட்டையே தன் பக்கம் இழுக்கும். தட்டினால் கஞ்சிராபோல ஒலித்தால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

வண்ணம்

தோலே ஒரு மஞ்சள் கண்ணாடி. அதன்மேல் நீலம் அடித்தால் ஒளியில் பச்சையாகத் தெரியும். மஞ்சள் ஒளி தரும் பல்பில் நீலக்கதிர் வேறு குறைவு. ஆகவே கடலுக்கு நீலம் தேடி அலைய வேண்டாம், எதைப் பூசினாலும் பச்சைக்கடல்தான். இது தெரிந்து கரும்பச்சையையே வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு நான்கும் பாவைகளில் ஓங்கி நிற்பதற்குத் தோலின் நிறமே பாதிக் காரணம்.

ஒளி புகும் மை அல்லது சாயம் மட்டும். போஸ்டர் கலரும் அக்ரிலிக்கும் தோலின்மேல் படலமாக உட்காரும், பகலில் பிரமாதம், இரவில் தார். துண்டுத் தோலில் பூசிப் பார்த்து, பல்புக்கு முன்னால் பிடித்து, அதன் பிறகே விளக்கில் கை வையுங்கள். ஒரே அடர்த்தியான பூச்சைவிட நீர்த்த பூச்சு இரண்டு மூன்று முறை நல்லது. கறுப்புக் கோடு 1.5 மி.மீ. தடிமனுக்குக் குறைய வேண்டாம். தோலுக்குள் ஒளி சிதறுவதால் மெல்லிய கோட்டை இருபுறமிருந்தும் வெளிச்சம் தின்றுவிடும். அனுமனின் உடம்பை வண்ணமே பூசாமல் தோலின் நிறத்தில் விட்டுவிடலாம். அதற்கு ஈடான பொன்னிறம் எந்தப் புட்டியிலும் இல்லை. கோபுரங்களின் பின்னணியில் மட்டும் கருஞ்சிவப்பு கொடுத்தால் ஊர் எரியும் வானம் கிடைக்கும்.

மேலே வார்னிஷ் அடிக்க ஆசைப்பட்டால் முதலில் துண்டில் சோதனை. தின்னர் கலந்தது மையைக் கரைத்து, சிவப்பைக் கடல்வரை இழுத்துக்கொண்டு போகும்.

பல்ப், ஒயர், அடி

குண்டு பல்ப் கூடாது. 60 வாட் பல்பின் சூட்டில் தோல் பழுப்பேறும், மொறமொறக்கும், சுருங்கித் தையலைக் கிழிக்கும். 3 முதல் 5 வாட் எல்இடி, 2700 கெல்வின் வார்ம் வொயிட், பால்நிற மூடி போட்டது. 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் இதே தோல் ஆஸ்பத்திரி வராந்தாபோலத் தெரியும். மேலும் கீழும் திறந்தே இருக்கட்டும், மேல் வளையத்தை அலங்காரமாக மூடிவிடாதீர்கள். உள்ளே அகல் விளக்கு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. கூத்திலும் சுடருக்கும் பாவைக்கும் இடையே தூரம் விட்டுத்தான் ஆடினார்கள்.

பல்பின் நடுப்பகுதி கீழ் வளையத்திலிருந்து 10, 11 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அந்த உயரத்தில் பல்புக்கும் தோலுக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி கிடைக்கிறது. மேலே ஏற ஏறக் கூடு குறுகுவதால் அது ஐந்தாகக் குறைந்துவிடும். வாலும் ஏறக்குறைய இதே உயரத்தில் ஓடுவதால் தீக்குத்தான் அதிக வெளிச்சம். ஆனால் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் அது கிட்டத்தட்ட நேர்மட்டம். ஐந்தாம் முகம் கூசினால் உள்பக்கம் நெல்துளைகளின் பின்னால் பட்டர் பேப்பர் பட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

சுவரில் புள்ளிப்புள்ளியாக ஒளிக்கோலம் விழ வேண்டும் என்று எதிர்பார்த்தால் இந்தப் பல்பில் விழாது. துளை ஒவ்வொன்றும் பல்பின் உருவத்தையே சுவரில் காட்டும். 6 செ.மீ. அகல பல்ப் தோலுக்கு 10 செ.மீ. பின்னால் இருந்தால், 1 மீட்டர் தள்ளிய சுவரில் ஒரு துளையின் ஒளி 60 செ.மீ. அகலத்துக்குப் பரவி மற்றவற்றோடு கலந்துவிடும். 5 மி.மீ. அகலமுள்ள ஒற்றை எல்இடி சில்லு வைத்தால் அதே துளை 8 செ.மீ. வட்டமாகத் தெளிவாக விழும். ஆனால் அப்போது தோலில் நடுவே ஒரு திட்டு மட்டும் பளிச்சென்றிருக்கும். சுவரா, தோலா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடிக்கு 18 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமனில் வாகை அல்லது தேக்கு வட்டம். தோலும் கம்பியும் சேர்ந்து அரைக் கிலோவைத் தொடாது. அடி அதைவிடக் கனமாக இருந்தால்தான் கை பட்டால் கவிழாது. வாகை கிடைக்காமல் லேசான மரம் போட்டால் அடியில் குழி எடுத்து ஈயமோ இரும்புத் தகடோ பதியுங்கள். நடுவில் துளையிட்ட தண்டு, அதில் பேக்லைட் ஹோல்டர். கம்பிக்கூடு உலோகம் என்பதால் மூன்று கோர் ஒயர் போட்டு, எர்த் ஒயரைக் கூட்டோடு சேருங்கள். சேரும் இடத்தில் எனாமலைச் சுரண்டிவிட வேண்டும், பெயிண்ட்மேல் முறுக்கிய எர்த் இருந்தும் இல்லாததும் ஒன்று. 0.75 சதுர மி.மீ. ஒயர் தாராளம். ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரில் வரட்டும். அடியிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒயரை இழுத்தால் ஹோல்டர்வரை இழுபடாதபடி ஒரு பிடிப்பு அவசியம்.

பராமரிப்பு

மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தளரும், பனிக்காலத்தில் மறுபடி இறுகும். அது இயல்பு. பூஞ்சைதான் பகை. அடைமழை நாட்களில் தினம் ஓரிரு மணி நேரம் எரியவிட்டால் உள்ளே உலர்ந்திருக்கும். பாலிதீன் உறை போட்டு அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுப்பது. தோலில் ஊசி முனை அளவுக்குப் புதுத்துளையும் கீழே தூளும் தென்பட்டால் தோல்வண்டு. உடனே மற்ற தோல், கம்பளிப் பொருட்களிடமிருந்து விலக்கி வையுங்கள். தூசுக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை, ஈரத்துணி வேண்டாம். தேங்காயெண்ணெய் தடவினால் ஒளி இன்னும் நன்றாக ஊடுருவும் என்பது உண்மைதான், ஆனால் தூசு ஒட்டிக்கொண்டு வருடத்துக்குள் மங்கும்.

ஒரு முகம் கிழிந்தால் அதன் இரண்டு மூலை வார்களையும் மேல், கீழ்த் தையலையும் அறுத்து அதை மட்டும் எடுத்துவிடலாம். அறுக்கும் முன் பக்கத்து இரண்டு முகங்களையும் கம்பியோடு நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை சுருண்டுகொள்ளும். கிழிந்த முகத்தையே அச்சாக வைத்துப் புதுத்தோலில் துளையைக் குறிக்கலாம். புது முகம் கொஞ்ச காலம் மற்ற ஐந்தைவிட வெளுப்பாகவே நிற்கும். ஆகவே பழுது எந்த முகத்தில் வந்தாலும், முடிந்தால் அந்தப் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். கிழிந்தது அனுமனாக இருந்தால்தான் சங்கடம்.